முதல் டம்ளர்

அக்டோபர் 5

புது நோட்டு. டாக்டர் ஷாகிரா, "தினமும் என்ன சாப்பிடுறீங்க, என்ன மாத்திரை போடுறீங்க, எல்லாம் எழுதி வைங்க சார்" என்றார். இதை இந்த ஆறுமுகநயினாரிடம் சொல்ல வேண்டுமா? அனல்மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் முப்பத்தோரு வருடம் மணிக்கு மணி லாக் புத்தகம் எழுதியவன் நான். மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் சொல்லிக்கொடுப்பார்களா?

நிலவரம் இது. வயது அறுபத்தாறு. பிப்ரவரியில் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் உட்கார்ந்தால் என் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, மாலை ஆறு மணிக்கு ஒன்று. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதற்கு ஐ.என்.ஆர். என்று ஓர் எண் உண்டு. எனக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக்கட்டு, கூடினால் ரத்தக்கசிவு. இன்றைய அளவு 2.9. நிலையத்தில் நீராவி அழுத்தம்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

நோட்டின் பின்பக்கம் அட்டவணை போட்டிருக்கிறேன். தேதிக்கு ஒரு பத்தி, மருந்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று. முன்பக்கம் மற்ற கதை.

அக்டோபர் 8

மழைக்காலம் வருகிறது. எங்கள் காலனியில் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். சங்கத்தின் செயலாளர் நான். ஆஸ்பத்திரிக்காரர்களைப் பிடித்து ஃப்ளூ தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் சுற்று 12ஆம் தேதி கமிட்டி ஆட்களுக்கு. இரண்டாவது 26ஆம் தேதி மற்றவர்களுக்கு. இரண்டாம் பட்டியலில் முப்பத்தோரு பெயர். முதல் பெயர் எட்வின் பூபாலராயர்.

ராயரும் நானும் பதினெட்டு வருடம் ஒரே மேசையில் ஷிப்டு மாற்றிக்கொண்டவர்கள். என் ஷிப்டு முடியும்போது அவர் வருவார். என் லாக்கை முதல் வரியிலிருந்து படிப்பார். நான் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் கீழே தன் கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அது விழாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது. எத்தனையோ நாள் என் சோறு அவரால் ஆறியிருக்கிறது.

அக்டோபர் 10

இன்று முதல் காலனி வாசலில் நிலவேம்புக் கஷாயம். பெரிய அண்டா, எவர்சில்வர் டம்ளர்கள், காலை ஏழு முதல் எட்டரை வரை. கசப்புக்குப் பயந்து ஆள் ஓடும். அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: முதல் டம்ளரை எல்லார் முன்னாலும் செயலாளர் குடிக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. ஆறு வருடமாக நான் சுளித்ததில்லை. கடைசியில் அண்டாவின் அடியில் மிஞ்சுவதையும் வீணாக்காமல் நானே குடித்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் கனகமணி கேட்டாள். "டாக்டரம்மாட்ட கஷாயத்த சொன்னீங்களா?"

"அது என்ன மருந்தா? வாசல்ல நின்னு ஊருக்கே கொடுக்கோம்."

என் மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டாள் என்று பொருள்.

அக்டோபர் 12

ஊசி போட்டாயிற்று. முதல் ஆள் நான்தான். இடது கை லேசாக வலிக்கிறது. மாத்திரை, கஷாயம், சாப்பாடு எல்லாம் வழக்கம்போல. அட்டவணையில் "தடுப்பூசி" என்று குறித்துவிட்டேன்.

அக்டோபர் 15

கை வலி போய்விட்டது. அண்டாவைத் தேய்க்க வரும் அம்மாள் வரவில்லை. நானே தேய்த்தேன்.

அக்டோபர் 19

பல் தேய்த்தபோது எச்சிலில் ரத்தம். முதலில் பிரஷ்ஷைச் சந்தேகப்பட்டேன். பிறகு முழங்கையில் நீலமாகக் கன்றிய ஒரு தடம் கண்ணில் பட்டது. எங்கும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை. லேப்புக்குப் போனேன். 4.8.

பயந்தேன். எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

டாக்டர் ஷாகிரா இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா சார்?"

"ஒன்றும் கிடையாது. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதி ஃப்ளூ ஊசி போட்டேன்."

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "ஊசி போட்டா உடம்போட எதிர்ப்பு சக்தி ரெண்டு மூணு நாள் சுறுசுறுப்பாயிடும். அந்த நேரத்துல கல்லீரல் சில மருந்துகளை உடைக்கிற வேலையைக் கொஞ்சம் மெதுவாச் செய்யலாம்னு பேசுவாங்க. ஆனா பெரும்பாலானவங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சாலும் லேசாத்தான் இருக்கும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஊசிக்கு அப்புறம் ஒரு டெஸ்ட் கூடுதலா எடுத்துப் பார்த்தாப் போதும். இவ்வளவு ஏறினா வேற எதாவதுதான் தேடணும். நோட்டைக் காட்டுங்க."

பின்பக்கத்து அட்டவணையைக் காட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்ல சார்" என்றார்.

அவர் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் என் அட்டவணையில் அந்த வாரத்தில் புதிதாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். நிலையத்தில் பயிற்சிக்கு வரும் ஆட்களுக்கு நான் முதல் நாள் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்பு. இரண்டைத் திருப்பினால் எது செய்த வேலை என்று உனக்குத் தெரியாமல் போகும். நான் திருப்பியது ஒன்று. அது ஊசி.

அக்டோபர் 20

சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்: "ஃப்ளூ தடுப்பூசி, தினசரி மாத்திரைகள் உடம்பில் வேலை செய்யும் விதத்தை மாற்றுகிறது. செயலாளரின் ரத்தப் பரிசோதனையில் நிரூபணம். 2.9 இலிருந்து 4.8. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யோசித்து முடிவெடுக்கவும்." கீழே கையெழுத்து, தேதி. மாத்திரை சாப்பிடாதவர் எங்கள் காலனியில் யார் இருக்கிறார்?

சாயங்காலம் வரை பலகைக்கு முன்னால் கூட்டம். இப்படி ஓர் அறிவிப்பை இதுவரை யாரும் நின்று படித்ததில்லை.

கஷாயப் பொடி இன்றோடு தீர்ந்தது. புதுச் சரக்கு அடுத்த மாதம்தான் வரும்.

அக்டோபர் 22

ராயர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நான்கு வருடமாக மூச்சிரைப்பு. மூச்சுக்குழாயை விரிக்க தியோஃபிலின் என்ற மாத்திரை, காலையும் மாலையும். அதையும் கல்லீரல்தான் உடைக்கிறது என்று மருந்தோடு வந்த தாளைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஊசி வேண்டாங்கீரா?"

"என் நம்பரப் பாத்தீருல்லா."

"மழைக்காலம் வே. சளி இறங்குனா என் நெஞ்சு தாங்காது. எங்க டாக்டரு போடத்தான் சொல்லுதாரு."

"அவரு புஸ்தகத்துல படிச்சிருக்காரு. நான் உடம்புல படிச்சிருக்கேன்."

பட்டியல் மேசைமேல் இருந்தது. அவர் மனைவி செலின் டீ கொண்டுவந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பட்டியலிலிருந்து முதல் பெயர் நீங்கியது.

மாலை ஆறு மணிக்கு மாத்திரை, மறுபடி தொடங்கினேன்.

அக்டோபர் 26

இரண்டாம் சுற்று. முப்பத்தோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ஊசி போட வந்த நர்ஸ் மதியம்வரை நாற்காலியில் காத்திருந்துவிட்டு ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வருத்தம்தான். ஆனால் உண்மை முக்கியம்.

கனகமணி பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ராயரண்ணன் பேரை யாரு அடிச்சா?" என்று கேட்டாள். தேங்காய் வாங்கி வர வேண்டும் என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

அக்டோபர் 28

2.8. அதே மாத்திரை, அதே அளவு, அதே சாப்பாடு. ஊசியின் வேகம் இறங்கியதும் எண்ணும் இறங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? பலகையில் ஒரு வரி சேர்த்தேன்.

நவம்பர் 9

கஷாயப் பொடி வந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது. குடைக்குக் கீழே நின்று முதல் டம்ளர் குடித்தேன். கூட்டம் குறைவு, அண்டாவில் நிறைய மிச்சம்.

நவம்பர் 14

மூன்று டம்ளர் மிச்சம். வீணாக்கவில்லை.

நவம்பர் 16

ராயருக்குக் காய்ச்சல். போனில் இருமிக்கொண்டே பேசினார். கஷாயம் கொடுத்தனுப்பவா என்று கேட்டேன். "நீரே குடியும் வே" என்றார். சிரித்தோம்.

நவம்பர் 18

ராயரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 19

போய்ப் பார்த்தேன். ராயரின் கை தாளம் போடுவதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக வாந்தி, நெஞ்சுப் படபடப்பு. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பதினெட்டு வருடம் என் லாக்கில் கையெழுத்துப் போட்ட கை அது.

வராந்தாவில் அவருடைய டாக்டரை நிறுத்திக் கேட்டேன். இளம் வயதுக்காரர், நடந்துகொண்டே பேசுகிறவர். "ஃப்ளூ காய்ச்சல் சார். டெஸ்ட்ல வந்திருச்சு. நல்ல காய்ச்சல் அடிக்கும்போது கல்லீரல் தியோஃபிலினை உடைக்கிறது குறைஞ்சு போகும். அவரு பாட்டுக்கு வழக்கமான அளவுலயே சாப்பிட்டுட்டு இருந்திருக்காரு. மருந்து ரத்தத்துல ஏறிருச்சு. இன்னும் ஒருநாள் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்."

"அதாவது காய்ச்சலே மருந்தை மாற்றுகிறதா?"

"ஊசி செஞ்சா ஒரு துளி. நிஜக் காய்ச்சல் செஞ்சா ஒரு குடம். இவருக்கு ஊசி போடச் சொல்லியிருந்தேன் சார். யாரோ ஃப்ரெண்டு வேண்டாம்னு சொல்லிட்டாராம்."

நான் அந்த நண்பர் யார் என்று சொல்லவில்லை.

செலின் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி என் கையில் கொடுத்தார். இன்று சர்க்கரையே இல்லை.

நவம்பர் 20

மழை. வீட்டிலேயே இருந்தேன். காலையில் வாசலில் கஷாயம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து என் அளவைப் பொய் என்று சொல்ல முடியாது. 4.8 வந்தது வந்ததுதான். இதை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21

காலையில் மூக்கிலிருந்து ரத்தம். பத்து நிமிடம் நிற்கவில்லை. கனகமணி துண்டை நனைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேப்பில் காத்திருந்தபோது என் வால்வின் சத்தம் எனக்குக் கேட்டது.

4.9.

இந்த மாதம் எந்த ஊசியும் போடவில்லை.

"ஏங்க," என்றாள் திரும்பி வரும்போது, "நோட்ட எடுத்து ஒக்காந்து ஒரு தடவ படிங்க. பின்பக்கத்த இல்ல. முன்பக்கத்த."

நவம்பர் 22

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

அக்டோபர் 10 கஷாயம் தொடக்கம். 12 ஊசி. 19 அன்று 4.8. அக்டோபர் 20 கஷாயம் தீர்ந்தது. 28 அன்று 2.8. நவம்பர் 9 கஷாயம் தொடக்கம். ஊசி இல்லை. 21 அன்று 4.9.

எல்லாம் என் கையெழுத்து. பட்டப்பகல் வெளிச்சமாய் முன்பக்கம் முழுக்கக் கஷாயம். அட்டவணையில் ஓர் இடத்திலும் இல்லை. மருந்துக்கு ஒரு பத்தி போட்டேன், சாப்பாட்டுக்கு ஒரு பத்தி போட்டேன். கஷாயம் எனக்கு இரண்டுமில்லை, அது சங்க வேலை. ஒரே வாரத்தில் இரண்டைத் திருப்பிவிட்டு ஒன்றைத் திருப்பினேன் என்று ஊருக்குப் பறையடித்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

டாக்டர் ஷாகிராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கஷாயம்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் சார். சந்தேகப்பட நிறைய இடம் இருக்கு, அவ்வளவுதான். வார்ஃபரினோட எது சேரும் எது சேராதுன்னு நமக்கே பாதி தெரியாது. அதனாலதான் உள்ள போற எல்லாத்தையும் சொல்லச் சொல்றோம். மருந்தா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க."

கஷாயத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பக் குடித்துப் பார்த்து உறுதி செய்யட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் திட்டினார்.

நவம்பர் 23

நிலையத்து லாக்கில் தப்பு எழுதினால் வெள்ளை மை தடவக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பு தெரியும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் சரியானது, கீழே பெயர். பலகையில் ஒட்டிய என் பழைய அறிவிப்பை நான் எடுக்கவில்லை. ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்:

"மேலே உள்ளது தவறு. அதே வாரத்தில் நான் தினமும் கஷாயம் குடித்ததை எழுதாமல் விட்டேன். ஊசி போடாத மாதத்திலும் என் அளவு ஏறியது. தடுப்பூசியால் மருந்தின் வேகம் மாறினாலும் அது சிறிதாகவே இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். ஃப்ளூ காய்ச்சல் வந்தால் பெரிதாக மாறும். ராயர் சாட்சி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கஷாயம் உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லவும். ஆறுமுகநயினார்."

இந்த முறையும் கூட்டம் நின்று படித்தது. முன்பைவிட அதிகம். ஒருவர் சத்தமாக வாசித்தார், கண் சரியாகத் தெரியாதவர்களுக்காக. நான் பக்கத்திலேயே நின்றேன். முகம் சுளிக்காமல் நிற்கும் பழக்கம் உதவியது.

நவம்பர் 29

3.0. அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். தலைப்பு: "மற்றவை."

டிசம்பர் 2

ராயர் வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் வே."

"பலகையப் பத்திச் செலின் சொன்னா." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஊரே நீரு சொன்னதக் கேட்டுது. இனி நீரு சொன்னா நான் கேப்பனான்னு தெரியல."

"கேக்க வேண்டாம். டாக்டரு சொன்னதக் கேளும்."

"இதுக்கு முந்தி இத சொல்லியிருக்கலாம்லா?"

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. வலித்தது.

டிசம்பர் 7

மூன்றாம் முகாம். அதே நர்ஸ், அதே ஐஸ் பெட்டி. ராயரின் டாக்டர் இனிப் போடலாம் என்று அனுமதித்திருக்கிறார். எல்லாரும் சுவரோரம் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் டம்ளரை யார் குடிப்பது என்ற அதே பார்வை. நான் ஏற்கெனவே போட்டவன், என்னால் முடியாது.

ராயர் தடியை ஊன்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "நயினார் சொல்லி நான் போடல. என் டாக்டரு சொல்லித்தான் போடுதேன். பாத்துக்கிடுங்க" என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஊசி இறங்கியபோது முகம் சுளிக்கவில்லை.

இருபது பேர் போட்டுக்கொண்டார்கள்.

முடிந்ததும் இந்த நோட்டை அவரிடம் கொடுத்தேன். "ஷிப்டு மாத்திக்கிடுவோம். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்" என்றேன். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 9

நான் எட்வின் பூபாலராயர் எழுதுவது.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அளவுகள் சரி. கஷாயத்தைப் பற்றி எழுதியது சரி. நவம்பர் 16ஆம் தேதி நான் சிரிக்கவில்லை, இருமினேன்.

அக்டோபர் 22ஆம் தேதிப் பதிவில் விடுபட்டது: நான் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. செலினைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அவள் டீ போட உள்ளே போயிருந்தாள். நயினார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. ஆகவே பாதிப் பொறுப்பை என் பேரில் எழுதிக்கொள்ளலாம்.

வேறு விடுபட்டது இல்லை. ஷிப்டு பெற்றுக்கொண்டேன்.

எ. பூபாலராயர்

டிசம்பர் 10

சிவப்பு மையில் எழுதுகிறேன். பெயர் தானாக நீங்கவில்லை. அடித்தது நான். பாதி அல்ல, முழுவதும்.

ஆறுமுகநயினார்